பல்லின் மேலா, பல்லின் உள்ளேயா?

முன்பற்களில் குறுக்குக் கோடுகளாகப் பழுப்பேறிய இளைஞர் ஒருவர் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்கிறார். "எந்த பேஸ்ட் போட்டாலும் போக மாட்டேங்குது டாக்டர்" என்கிறார். அனுபவமுள்ள மருத்துவர் பேஸ்ட்டின் பெயரைக் கேட்பதில்லை. "தம்பி, பொறந்து வளர்ந்தது எந்த ஊரு? சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சீங்க?" என்றுதான் தொடங்குவார். தர்மபுரி, பென்னாகரம், கிருஷ்ணகிரி என்று பதில் வந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அதே நாற்காலியில் அடுத்து உட்காருபவர் நாளுக்கு எட்டு டீ குடிக்கும் லாரி ஓட்டுநர். அவருடைய பற்களிலும் பழுப்புதான். ஆனால் மருத்துவர் கருவியால் சுத்தம் செய்யும் அரை மணி நேர ஸ்கேலிங்கில் அத்தனையும் போய்விடும். முதலாமவருக்கு நாள் முழுக்கத் தேய்த்தாலும் போகாது. இரண்டையும் "கறை" என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். லாரி ஓட்டுநரின் கறை பல்லின் மேல் படிந்தது. இளைஞரின் கறை பல் உருவாகும்போதே அதற்குள் சேர்ந்தது. பல்லை வெளுக்க எதையாவது செய்வதற்கு முன், கறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

வெள்ளை என்பது எவ்வளவு வெள்ளை?

பல் கட்டும் மருத்துவர்களிடம் மாதிரிப் பற்களை வரிசையாகச் செருகிய ஒரு பட்டை இருக்கும். புதிதாகக் கட்டும் பல், பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டுமே, அதற்காக. உலகெங்கும் புழங்கும் விட்டா பட்டையில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள் உண்டு. மஞ்சள் கலந்தவை, பழுப்பு கலந்தவை, சாம்பல் கலந்தவை எல்லாம் அதில் உண்டு. குளியலறை ஓடு போன்ற பளீர் வெள்ளை இல்லை. விளம்பரத்தில் மின்னும் அந்த வெள்ளை இயற்கைப் பல்லின் நிறமே இல்லை.

பல்லின் வெளி அடுக்கு எனாமல். அதில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கடைவாய்ப் பல்லின் முகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். எனாமல் அரைகுறையாக ஒளி ஊடுருவும் பொருள். அதற்கு அடியிலுள்ள டென்டின் அடுக்கு இயல்பிலேயே மஞ்சள். மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் மஞ்சள் துணியைப் பிடித்தால் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் பல்லின் நிறமும் நமக்குத் தெரிகிறது.

ஈறை ஒட்டிய பகுதி எப்போதும் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதும், கோரைப்பல் மற்ற முன்பற்களைவிட அடர்ந்த நிறத்தில் இருப்பதும் இதனால்தான். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது. அறுபது வயதுப் பல் இருபது வயதுப் பல்லைவிட மஞ்சளாக இருப்பது நோயல்ல.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொரு காரணத்தால் பதறுவார்கள். "பால்பல் முத்து மாதிரி இருந்தது, புதுப்பல் மஞ்சளா முளைக்குதே!" பால்பல் இயல்பிலேயே அதிக வெண்மை. நிரந்தரப் பல்லின் டென்டின் தடிமனானது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தச் சில ஆண்டுகளில் வித்தியாசம் கண்ணில் படும். பால்பற்கள் எல்லாம் விழுந்த பிறகு ஒப்பிடவும் எதுவும் இருக்காது. புள்ளியோ, கோடோ, குழியோ இல்லாமல் பல் சீரான இளமஞ்சளாக இருந்தால் கவலை வேண்டாம்.

வெளியிலிருந்து ஏறும் கறைகள்

பல் தேய்த்து முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலிலுள்ள புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய சவ்வாகப் படிகின்றன. அந்தச் சவ்வு அமிலத்திலிருந்து எனாமலை ஓரளவு காக்கிறது. ஆனால் சாயத்தைப் பிடித்துக்கொள்வதும் அதுதான். அதன் மேல் கிருமிகள் குடியேறி வழுவழுப்பான பற்படலமாக வளர்கின்றன. நாக்கால் பல்லின் பின்பக்கத்தைத் தடவினால் காலையில் ஒரு நெருடல் தெரியுமே, அதுதான் பற்படலம். அகற்றாமல் விட்டால் எச்சிலின் சுண்ணச்சத்து சேர்ந்து, ஓரிரு நாட்களிலேயே கெட்டிப்படத் தொடங்கிக் காரையாக மாறுகிறது. சொரசொரப்பான காரையில் கறை ஏறுவது சுண்ணாம்புச் சுவரில் சாயம் ஏறுவது போல.

தேநீர் இந்த வகையில் முதலிடத்தில் நிற்கிறது. அதிலுள்ள டானின் என்ற பொருள் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கட்டஞ்சாயாவும் எலுமிச்சைத் தேநீரும் அதிகம் கறைபடுத்தும். பால் சேர்த்த டீ குறைவாகவே கறைபடுத்தும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் டானினைத் தானே பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

டானின் என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷனை ஒரு கண்ணாடி டம்ளரில் அரைவாசி ஊற்றி, அதில் இரும்புச்சத்து டானிக்கைச் சில துளிகள் விட்டுக் கலக்கினால் போதும். செம்பழுப்பாக இருந்த டிகாக்‌ஷன் மை போலக் கறுத்துவிடும். இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கிறது. பழங்காலத்தில் எழுதும் மை செய்ததே இந்த முறையில்தான். ஜப்பானில் இதே வேதியியல் அழகுக் கலையாக இருந்தது. புளித்த காடியில் இரும்பை ஊறவைத்த நீரையும் கடுக்காய் போன்ற டானின் நிறைந்த பொடியையும் பூசிப் பற்களைக் கறுப்பாக்கும் 'ஒஹகுரோ' வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகள் நீடித்தது. மெய்ஜி அரசு 1870இல் உயர்குடியினருக்கு அதைத் தடை செய்தது. ஜப்பானியர் விரும்பிப் பூசிக்கொண்ட அதே கறுப்பு, டானிக் குடித்த கையோடு டீ குடிக்கும் பிள்ளையின் பல்லில் வேண்டாத கோடாக விழுகிறது.

இதற்காக இரும்புச்சத்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இரத்தசோகை பல் கறையைவிடப் பெரிய விஷயம். டானிக்கை உறிஞ்சுகுழலால் நாக்கின் பின்புறமாகக் கொடுத்து, உடனே தண்ணீர் குடிக்க வைத்தால் போதும். டீ, காபிக்கும் மருந்துக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் இரட்டை லாபம்: பல்லும் கறைபடாது, மருந்தும் உடம்பில் நன்றாகச் சேரும். டீயிலுள்ள டானின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது.

வெற்றிலை போடுபவர்களின் பற்களில் செம்பழுப்பு நிறம் அடையாகப் படிவது பாக்கும் சுண்ணாம்பும் சேர்வதால். இங்கே கறை சின்ன விஷயம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாயை முழுக்கத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. கறையைச் சுத்தம் செய்ய வந்தவரின் வாயில் மருத்துவர் கன்னத்தையும் நாக்கின் ஓரங்களையும் விரலால் தடவிப் பார்ப்பது இந்தக் காரணத்தால். மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் கறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மருந்துக் கடையில் வாங்கும் வாய் கொப்பளிக்கும் நீர் சிலவும் பல்லைப் பழுப்பாக்கும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு தரப்படும் குளோர்ஹெக்சிடின் அவற்றில் முக்கியமானது. கிருமிகளை அடக்குவதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பற்களிலும் நாக்கிலும் பழுப்பு ஏறும். அந்த நாட்களில் டீ, காபி அதிகம் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். மருத்துவர் ஒரு வாரம் என்றால் ஒரு வாரம். "நல்லா இருக்கே" என்று மாதக்கணக்கில் தொடர்வதுதான் தவறு.

சில குழந்தைகளுக்கு ஈறை ஒட்டிப் பேனாவால் வரைந்தது போல மெல்லிய கறுப்புக் கோடு விழும். சொத்தை என்று பெற்றோர் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது சிலவகைக் கிருமிகள் உண்டாக்கும் நிறம். சுத்தம் செய்தால் போகும், சில மாதங்களில் மறுபடி வரும். இந்தக் கோடு உள்ள பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இருந்தாலும் கறுப்பு எதுவானாலும் மருத்துவர் ஒரு முறை பார்த்துச் சொல்லட்டும்.

உள்ளிருந்து வரும் நிறம்

1901இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். ஊர்க்காரர்கள் பலரின் பற்களில் சாக்லேட் நிறக் கறைகள். எந்த மருத்துவ நூலிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பன்றி இறைச்சியால் வருகிறது, கெட்ட பாலால் வருகிறது என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அந்நாளில் பல் மருத்துவத்தின் முன்னோடியாக மதிக்கப்பட்ட ஜி. வி. பிளாக் 1909இல் அங்கு வந்து மெக்கேயுடன் சேர்ந்துகொண்டார். அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குக் கறை இருந்தது. வளர்ந்த பிறகு குடிவந்தவர்களுக்கு இல்லை. பல் மண்ணுக்குள் விதை போல் ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே ஏதோ நடக்கிறது என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

அந்த 'ஏதோ' என்ன என்று தெரிய 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்கன்சா மாநிலத்தில் அலுமினிய நிறுவனம் ஒன்றின் பாக்சைட் என்ற ஊரிலும் இதே கறை. அலுமினியத்தின் மேல் பழி விழுமோ என்று கவலைப்பட்ட நிறுவனத்தின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், ஊர்த் தண்ணீரை நுணுக்கமாகச் சோதித்தார். லிட்டருக்கு 13 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு. சோதனையில் பிழை இருக்கும் என்று நினைத்துப் புது மாதிரி வரவழைத்துப் பார்த்தும் அதே விடைதான்.

தென்னிந்தியாவுக்கு இந்தச் செய்தி தொலைவிலிருந்து வந்ததல்ல. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், ஃப்ளோரைடு பற்களையும் எலும்பு மூட்டுகளையும் பாதித்திருப்பதை ஷார்ட் முதலான ஆய்வாளர்கள் 1937இலேயே பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடும்பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையின் தாதுக்களிலிருந்து கரைந்த ஃப்ளோரைடும் தண்ணீரோடு மேலே வருகிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைத்தான் பல கிராமங்கள் தலைமுறைகளாகக் குடித்தன. ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்து இந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசேர்க்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஃப்ளோரைடு மிகுதியால் வரும் இந்தப் பாதிப்புக்கு ஃப்ளோரோசிஸ் என்று பெயர்; 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்ததிலிருந்து சுமார் ஐந்து வயது வரை உருவாகிறது. ஞானப்பல் தவிர மற்ற பற்களுக்கு ஏறத்தாழ எட்டு வயது வரை. இந்த ஜன்னல் திறந்திருக்கும் காலத்தில் குடிக்கும் தண்ணீரே பல்லின் நிறத்தை எழுதுகிறது. லேசான பாதிப்பில் சுண்ணாம்புக் கோடுகள் போல வெண்மை, கடுமையானதில் பழுப்பும் குழிகளும். எட்டு வயதுக்குப் பிறகு அதே தண்ணீரைக் குடித்தால் பல்லில் புதிதாகக் கறை வராது. எலும்புக்குக் கேடு உண்டு.

ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்பது. கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு இன்னும் கூடும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் ஃப்ளோரைடை அகற்றாது; ஆர்.ஓ. கருவி அகற்றும். சந்தேகம் இருந்தால் மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாம்.

உள் கறைக்கு இன்னொரு பெரிய காரணம் ஒரு மருந்து. 1948இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. லெடர்லே ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவின் வழிகாட்டலில் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் சுப்பாராவ். எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்த மருந்து சுண்ணச்சத்தோடு இணையும் குணம் கொண்டது. பல் உருவாகும் வயதில் கொடுத்தால் டென்டினில் போய்த் தங்கிவிடும். முதலில் மஞ்சளாகத் தெரியும். வெளிச்சம் பட்டுப் பட்டு ஆண்டுகள் போகப் போகச் சாம்பல் பழுப்பாக மாறும். மருந்து எடுத்த நாட்களின் கணக்குப் போலப் பல்லில் பட்டை பட்டையாக நிற்கும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் இந்த மருந்தைத் தவிர்ப்பது இதனால்தான். மிச்சம் இருக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும், சீட்டு இல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்குவதும் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்தப் பல்லே சாட்சி.

வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறினால் கதை வேறு. விழுந்ததிலோ அடிபட்டதிலோ பல்லுக்குள் இருக்கும் கூழ் இறந்து, இரத்தம் கசிந்து டென்டினுக்குள் ஊறியிருக்கலாம். சைக்கிளிலிருந்து விழுந்தது பத்தாம் வகுப்பில், பல் கறுத்தது கல்லூரியில் என்று ஆண்டுகள் கழித்துத் தெரிவதும் உண்டு. வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. வேரின் நுனியில் சீழ் சத்தமில்லாமல் சேரும். ஒரு பல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பல் உள்ளிருந்தே கரைந்துகொண்டிருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணாடி முன் ஐந்து கேள்விகள்

நல்ல பகல் வெளிச்சத்தில், பல் தேய்த்த பிறகு, கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டியவை இவை.

ஒன்று, எல்லாப் பற்களிலுமா, ஒரே பல்லிலா? ஒரே பல் என்றால் அடி, சொத்தை, பழைய அடைப்பு இவற்றில் ஒன்று.

இரண்டு, எந்த இடத்தில்? ஈறு ஓரத்திலும் பல் இடுக்கிலும் கீழ் முன்பற்களின் பின்பக்கத்திலும் திட்டுத்திட்டாக இருந்தால் பெரும்பாலும் வெளிக்கறை. எச்சில் சுரப்பி திறக்கும் இடம் என்பதால் கீழ் முன்பற்களின் பின்னால்தான் காரை முதலில் கட்டும்.

மூன்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கிறதா? ஒரே காலத்தில் உருவாகும் ஜோடிப் பற்களில் ஒரே உயரத்தில் கோடுகள் இருந்தால் உள்ளிருந்து வந்தது.

நான்கு, எப்போதிருந்து? முளைக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா? சிறுவயதுப் புகைப்படங்கள் இங்கே கைகொடுக்கும்.

ஐந்து, கூச்சம், வலி, குழி, ஈறில் இரத்தம் ஏதாவது உண்டா? ஒன்றுக்காவது ஆம் என்றால் நிறத்தை மறந்துவிட்டு முதலில் அதற்குச் சிகிச்சை.

எலுமிச்சை, கரி, செங்கல் தூள்

உள்ளே இருக்கும் நிறத்தை வெளியிலிருந்து தேய்த்து எடுக்கப் பார்ப்பதால்தான் வீடுகளில் பல் பாழாகிறது. எலுமிச்சையும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடுகிறது; அது 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2க்குச் சற்று மேல். அமிலத்தால் இளகிய எனாமலை உப்பின் கற்கள் சுரண்டுகின்றன. ஓரிரு நாள் பளிச்சென்று இருக்கும். போன எனாமல் திரும்பி முளைக்காது. எனாமல் மெலிந்தால் அடியிலிருக்கும் மஞ்சள் இன்னும் தெரியும். வெளுக்கத் தேய்த்தவரின் பல் கடைசியில் முன்பைவிட மஞ்சளாவது இப்படித்தான்.

செங்கல் தூள், சாம்பல், சொரசொரப்பான பற்பொடி எல்லாம் இதே வகை. விரலால் அழுத்திக் குறுக்குவாட்டில் தேய்ப்பதால் ஈறு ஓரத்தில் பல் வெட்டினாற்போல் தேய்ந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். அண்மைக் காலத்தில் கறுப்பு டியூபில் வரும் கரிப் பேஸ்ட் பழைய அடுப்புக்கரியின் புது அவதாரம். அது பாதுகாப்பானது, பல்லை வெளுக்கும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் வந்த மீளாய்வு சொன்னது. புகையிலை சேர்த்த பற்பொடியை இந்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. பல்வலி தணிகிறது என்று புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கலாம். அதை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நம் ஊர் வழக்கம். நுனியை மென்று பூப்போல விரித்துப் பதமாகத் தேய்த்தால் முன்பக்கம் சுத்தமாகும். கடைவாய்ப் பல்லின் பின்புறத்துக்கும் பற்களின் உட்பக்கத்துக்கும் குச்சி சரியாக எட்டாது, அதில் ஃப்ளோரைடும் கிடையாது. விரும்புபவர்கள் காலையில் குச்சி பிடிக்கலாம். இரவில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கட்டாயம்.

ஒரு நாளின் ஒழுங்கு

காலை. மென்மையான இழைகள் கொண்ட சிறு தலைப் பிரஷ். கடினமான பிரஷ் அதிகம் சுத்தம் செய்யும் என்பது தவறு. பற்படலம் இளக்கமானது, அதற்கு அழுத்தம் வேண்டாம். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைப் பாதி சாய்வாக, 45 பாகையில் வைத்து, அந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாக அதிர்த்து, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி இழுக்க வேண்டும். இரண்டிரண்டு பற்களாக நகர வேண்டும். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றும். வாயை நான்கு பகுதியாகப் பிரித்துப் பகுதிக்கு அரை நிமிடம் என்றால் இரண்டு நிமிடம் ஆகிவிடும். பேனா பிடிப்பது போல விரல்களால் பிரஷ்ஷைப் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும்.

பேஸ்ட்டின் டியூபில் ஃப்ளோரைடு அளவைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் விற்கும் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் 1000 பிபிஎம் வரை அனுமதி. இங்கே ஒரு குழப்பம் எழும்: ஃப்ளோரைடுதான் கறைக்குக் காரணம் என்றால் பேஸ்ட்டில் எதற்கு? பல் உருவாகும் வயதில் அளவுக்கு மேல் வயிற்றுக்குள் போகும் ஃப்ளோரைடு எனாமலைக் கெடுக்கிறது. முளைத்த பல்லின் மேல் படும் ஃப்ளோரைடு, அமிலம் அரித்த தாதுவை மீட்டுச் சொத்தையைத் தடுக்கிறது. விழுங்குவதற்கும் பூசுவதற்கும் உள்ள வேறுபாடு இது. அதனால் தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு முழுக்கக் கழுவிப் போய்விடும்.

காலையில் எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சோ சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரமாவது கழித்துத் தேய்க்க வேண்டும். எச்சில் அமிலத்தைத் தணித்து எனாமலை மறுபடி இறுகவைக்க அவ்வளவு நேரம் தேவை.

பகல். டீ, காபி குடித்த பின் ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளித்தாலே கறை குறையும். ஒரு டம்ளரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவதைவிட ஒரே மூச்சில் குடித்து முடிப்பது பல்லுக்கு நல்லது. இனிப்புக்கும் இதே கணக்கு: எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது.

இரவு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகச் சுரக்கும். கழுவிவிட ஆள் இல்லாத வீட்டில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பல் இடுக்கில் பிரஷ் நுழையாது, அதற்குப் பல் நூல். சுமார் ஒன்றரை அடி நூலை இரு நடுவிரல்களிலும் சுற்றி, இடுக்கில் மெதுவாக இறக்கி, பல்லை 'சி' வடிவில் அணைத்து மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். இடைவெளி அகலமாக இருந்தால் இடுக்குப் பிரஷ் எளிது. குண்டூசி, ஊக்கு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். கடைசியில் நாக்கை வழிக்க வேண்டும். தமிழ் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே செம்பு, எவர்சில்வர் வழிப்பான் இருக்கிறது; ஓங்கரிக்கும் அளவுக்கு உள்ளே போக வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே இழைகள் விரிந்து சாய்ந்துவிட்டால், மாற்ற வேண்டியது பிரஷ்ஷோடு அழுத்தும் பழக்கத்தையும்.

குழந்தைகளுக்கு

முதல் பால்பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே சுத்தம் தொடங்குகிறது. மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நிறைய அலை போல் பிழிவார்களே, அது பெரியவர்களுக்கே வேண்டாம். ஷூ லேஸை ஒழுங்காகக் கட்டத் தெரியாத கைக்குப் பல்லும் ஒழுங்காகத் தேய்க்க வராது; ஏழெட்டு வயது வரை அம்மாவோ அப்பாவோதான் தேய்த்துவிட வேண்டும். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

"பால்பல்தானே, விழத்தானே போகுது" என்று சொத்தையை விடக் கூடாது. பால்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் அதன் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் பழுதாகி, அது முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடு வரும். இரவில் பால்புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவதும் மேல் முன்பற்களை வரிசையாகப் பழுப்பாக்கிச் சொத்தையாக்கும்.

மருத்துவர் என்ன செய்ய முடியும்?

வெளிக்கறைக்கும் காரைக்கும் ஸ்கேலிங்தான் வழி. "ஸ்கேலிங் செஞ்சா பல் ஆடும்" என்ற பயம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. பல ஆண்டுகளாகக் கட்டிய காரை ஈறைக் கீழே தள்ளி எலும்பை அரித்திருக்கும். ஆடும் பல்லைச் சிமென்ட் போலப் பிடித்துக்கொண்டும் இருக்கும். காரையை எடுத்ததும் இடைவெளியும் ஆட்டமும் வெளியே தெரிகின்றன. ஆட வைத்தது காரை, காட்டிக்கொடுத்தது ஸ்கேலிங். உரிய காலத்தில் செய்துகொள்பவர்களுக்கு இந்த நிலை வராது. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை காட்டினால் எப்போது தேவை என்று மருத்துவரே சொல்வார்.

வயதால் வந்த மஞ்சளுக்கும் லேசான உள் கறைக்கும் பிளீச்சிங் பலன் தரும். பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி நிறப் பொருளை உடைக்கிறது. வாயின் அச்சில் செய்த தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு வைத்து இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹேமன் இருவரும் 1989இல் வெளியிட்டார்கள். சில நாட்கள் பல் கூசலாம். கட்டிய பல்லும் நிற அடைப்பும் வெளுக்காது. அதனால் பிளீச்சிங்கை முதலில் முடித்துவிட்டுத்தான் புதுப் பல் கட்ட வேண்டும். சொத்தை, ஈறு நோய் உள்ளவர்கள் அவற்றைச் சரிசெய்த பிறகே செய்துகொள்ளலாம். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது.

இறந்துபோன ஒற்றைப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, பல்லின் உள்ளே மருந்து வைத்து வெளுக்கலாம். டெட்ராசைக்ளின் கறைக்கு மாதக்கணக்கில் பிளீச்சிங் தேவைப்படும். அதிலும் போகாவிட்டால் மெல்லிய ஓடு போல முன்பக்கத்தில் ஒட்டும் வெனீர். ஃப்ளோரோசிஸில் பழுப்பு மேலடுக்கில் மட்டும் இருந்தால், அமிலமும் நுண் பொடியும் சேர்த்து அளந்து மெருகூட்டும் முறை இருக்கிறது. வீட்டு எலுமிச்சை வைத்தியத்தின் அதே அமிலம்தானே என்று தோன்றலாம். இங்கே நீக்கப்படுவது மயிரிழை அளவு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை அதைச் செய்கிறது.

மருத்துவரிடம் போகும்போது சில விவரங்களைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம்: சிறுவயதில் வாழ்ந்த ஊரும் குடித்த தண்ணீரும், பல்லில் பட்ட அடிகள், இப்போது எடுக்கும் மருந்துகள், கடைசியாக ஸ்கேலிங் செய்த நாள், வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் எதையும் மறைக்காமல்.

தொடக்கத்தில் வந்த இளைஞரைப் போன்றவர்களுக்கு மெருகூட்டலும் பிளீச்சிங்கும் சேர்த்துச் சில அமர்வுகளில் பழுப்பு பெருமளவு தணிந்துவிடும். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இனி போட்டோவில் வாயை மூட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள். அவர்கள் செருப்பு மாட்டும் நேரத்தில் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா தம்பி? அவங்க குடிக்கிறது எந்தத் தண்ணி?"